வண்டி சரியானதும் மாமா கிளம்பிவிடுவார்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. இங்கே நானும் உங்கள் அக்காவும் ஏதோ இருக்கிறோம். மாமா ரொம்ப நன்றாக இருக்கிறார். நன்றாக இல்லாதது அவருடைய வண்டி ஒன்றுதான், அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் நாம் இருவரும் தனியாகப் பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் குரல் கேட்டதும் மாமா எந்த மூலையில் இருந்தாலும் வந்து நின்று, "யாரு, தம்பியா? இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொள்கிறார். கடைசியில் எனக்குத் திரும்பி வருவது சூடேறிய போன் மட்டும்தான். ஆகவே ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில், மருந்து பாட்டில் லேபிள்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் பிழை திருத்தக் கிடப்பது ஒரு இருமல் மருந்து லேபிள். "உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்" என்று போட்டிருக்கிறது. அந்த வரியைப் படித்தாலே இப்போதெல்லாம் எனக்கு இடுப்பு வலிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, மாமா வந்து போனை வாங்குவதற்கு முன் கிடைத்த அரை நிமிடத்தில், "அப்பாவ அனுப்ப உங்களுக்கு மனசில்லையா அத்தான்?" என்று கேட்டுவிட்டீர்கள். மச்சான், அந்தக் கேள்வி என்னை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. அத்தை போன பிறகு ஆறு மாதம் மகள் வீடு, ஆறு மாதம் மகன் வீடு என்று ஏற்பாடு செய்ததே மாமாதான். இங்கே ஆறு மாதம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. தங்கச்சி அவருக்காக அறையை ஒழித்து வைத்ததும், மூன்று தரம் லீவு போட்டு மூன்றும் வீணாய்ப் போனதும் எனக்குத் தெரியாதா? மனசில்லையா என்றா கேட்கிறீர்கள்? எனக்கு மனசு வேண்டிய மட்டும் இருக்கிறது. கூடத்தில் காற்று வருகிற ஒரே நாற்காலி அவருடையது. நான் பேப்பரைப் பிரிக்கும்போது அதில் உள்ள அத்தனை செய்தியும் எனக்கு ஏற்கெனவே சத்தமாகச் சொல்லப்பட்டிருக்கும். குழாய் சொட்டுகிறது என்று அவர் கழற்றி மாட்டினால், சொட்டுவது நின்று ஒழுக ஆரம்பிக்கும். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன மாப்ள, இன்னிக்கு எத்தனை தப்பு புடிச்சீங்க?" என்று கேட்பார், எண்ணிக்கை சொன்னால்தான் வழி விடுவார். பதினெட்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், வேறு யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். இப்படிப்பட்டவரை நானா பிடித்து வைத்திருக்கிறேன்? பிடித்து வைத்திருப்பது இன்ஜின்.

வேறு வழியில் அனுப்பலாமே என்பீர்கள். பஸ் என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், ரயில் என்றால் படியேற முடியாது, வாடகைக் கார் என்றால் டிரைவர் ஓயாமல் பேசுவான் (மாமா சொல்கிறார் இதை). நீங்களே வந்து அழைத்துப் போகிறேன் என்றதற்கும், "முப்பத்தோரு வருஷமா கூடவே இருக்கிற வண்டிய அநாதையா விட்டுட்டு வரச் சொல்றியா?" என்றுதானே உங்களிடம் கேட்டார். அதனால் அவர் வர வேண்டுமென்றால் அவர் வண்டியும் வர வேண்டும்.

முதல் தரம் கிளம்பிய காலையில் பெட்டி படுக்கை எல்லாம் ஏற்றியாயிற்று. அதற்கு முந்தைய நாள் கடைக்குப் போய்வந்தபோது ஒரு குறையும் சொல்லாத வண்டி, அன்று சாவியைத் திருகியதும் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கியது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. பின்சீட்டில் இருந்த மாமா கண்ணாடியில் இரண்டு பேராகத் தெரிந்தார். ஒருவரையே சமாளிக்க முடியாதவன் நான். கியர் போட்டால் இரண்டடி போய் டப்பென்று வெடித்துவிட்டு நின்றது. கேட்டைத் தாண்டுவதற்குள் நான்கு தரம் நின்று, எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும், மாமாவே இறங்கிவிட்டார். "போகட்டும் மாப்ள. வண்டி சரியாகட்டும், சரியானதும் கெளம்பிடுறேன். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்" என்றார். என்ன மனிதர் என்று அன்று மலைத்துப்போனேன்.

தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஸ்க்ரூடிரைவரின் கம்பியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். அதனால் ஊரில் அவருக்குக் காது மெக்கானிக் என்று பெயர். கேட்டார். "நாலு சிலிண்டர்ல ரெண்டு பேசுது சார், ரெண்டு பேசல. கார்புரேட்டர்ல அழுக்கு" என்றார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்குகளைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். வண்டி வெண்ணெய் மாதிரி வீட்டுக்கு வந்தது. உங்களுக்குச் சந்தோஷமாகப் போன் செய்தேன். மறுநாள் காலை பெட்டியை ஏற்றி, சாவியைத் திருகினால் பழையபடி இரண்டு மாமா.

காதை நம்பினால் இப்படித்தான் என்று அடுத்த தரம் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே இருப்பவர் வெள்ளைச் சட்டையில் கறை படாமல் வேலை பார்ப்பவர், எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "யார்கிட்ட காட்டினீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்கிற முகத்துடன் பேனாவை மூடினார். இன்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டிங்குகளை மாற்ற வேண்டும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கு போடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்ற வேண்டும் என்றார். மாற்றினார். திரும்பி வரும் வழியில் சிக்னலில் இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகமாக இருந்தது, அவ்வளவு அமைதி. இரண்டு நாள் கழித்து, கிளம்புகிற காலையில், எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தரம் வண்டியைக் கொண்டுபோகத் தெம்பில்லை, காது மெக்கானிக்கையே வீட்டுக்கு அழைத்து வந்தேன். பானட்டைத் தூக்கினார். ஸ்க்ரூடிரைவரை எடுக்கக்கூட இல்லை. "சார், பிளக் வயர் மூணும் நாலும் இடம் மாறிக் கெடக்கு. அவன் நெருப்பு இவனுக்குப் போகுது, இவன் நெருப்பு அவனுக்குப் போகுது. அப்புறம் வண்டி ஆடாம என்ன செய்யும்? எல்லாம் உங்க வெள்ளச்சட்ட டாக்டர் வேல" என்றார். நான் கொதித்துப்போய் டாக்டரிடம் போனேன். "நான் மாத்தி மாட்டியிருந்தா உங்க வீடு வரைக்கும் எப்படி ஓடிச்சு? அந்தக் காது செவிடன் வந்து மாத்திட்டு என் பேர்ல போடுறான்" என்றார். இதை நான் காதிடம் சொல்ல, அவர் சொன்னதை டாக்டரிடம் சொல்ல, மூன்று நாள் இந்த இருவருக்கும் நடுவே தபால்காரன் வேலை பார்த்தேன். கடைசியில் காதுதான் கேட்டார்: "வீடு வந்து சேர்ற வரைக்கும் நல்லா இருக்கு, காலைல கெட்டுப்போகுது. வீட்ல யாராச்சும் கைவைக்கிறாங்களா சார்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? எனக்கு பானட்டைத் திறக்கவே தெரியாது. உங்கள் அக்கா அந்தப் பக்கம் போவது துணி காயப்போட மட்டும். மாமாவோ தினமும் விடியற்காலையில் எழுந்து அந்த இன்ஜினை முகம் துடைப்பதுபோலத் துடைக்கிறவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருடம் வயர் மாட்டியவர் வேறு. அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "வயரெல்லாம் நல்ல வயர் மாப்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்படியானால் எலியாக இருக்கலாம் என்று பொறி வைத்தேன். அதற்கும் காது, "எலி வயரக் கடிக்கும் சார், இடம் மாத்தி மாட்டாது" என்று சொல்லிச் சிரித்தார். பொறியில் என் கட்டைவிரல்தான் மாட்டியது.

இனி யார் கைவைத்தாலும் தெரிய வேண்டும் என்று நேற்று ஒரு காரியம் செய்தேன். எங்கள் அச்சகத்திலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சின்ன லேபிள்கள் அடித்து, ஒவ்வொரு வயரிலும், அது போய்ச் சேர வேண்டிய இடத்திலும் காது மெக்கானிக்கைக் காட்டச் சொல்லி ஒட்டிவிட்டேன். ஒன்று ஒன்றோடு, இரண்டு இரண்டோடு. இனிப் பிழை நேர்ந்தால் நான் பத்தடி தூரத்தில் இருந்தே பிடித்துவிடுவேன். வண்டியும் இப்போது பிரமாதமாக ஓடுகிறது. ஆகவே மச்சான், வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாமாவோடு புறப்படுகிறேன், இது முடிவு. பாதி வழியில் உங்கள் வண்டியில் வந்து நின்றீர்களானால் கூடவே ஓட்டி வந்துவிடலாம். தங்கச்சியைத் திங்கட்கிழமைக்கு லீவு எழுதச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு மனசில்லை என்று நினைத்தீர்களானால் நான் என்னதான் செய்வது? எனக்கு அலுத்துவிட்டது. என் நாற்காலியில் ஒரு சாயங்காலம் யாரும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, தங்கச்சிக்கு அன்பு. நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், நல்ல வண்டியோடு நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதைப் படித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், இவ்வளவையும் மறுபடி எழுதக் கையில் பலமில்லை.

கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு இன்று காலை கிளம்பியவன், பஸ் நிறுத்தம் போன பிறகு மூக்குக் கண்ணாடியை மறந்தது தெரிந்து திரும்பினேன். கேட்டைத் திறந்தால் பானட் தூக்கியிருக்கிறது. மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் லேபிள்களை நகத்தால் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தார். வயரை மாற்றி மாட்டிவிட்டு, அதற்கேற்றபடி எண்களையும் இடம் மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தார், ஒரு மூலை கூட மடங்காமல். நான் நூறு தரம் பார்த்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது. பக்கத்தில் கை துடைக்க மடித்து வைத்த துணி உங்கள் அக்காவின் பழைய புடவை. அவளுக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியுமாம்.

"நான் வர மாட்டேன்னு சொல்லல மாப்ள" என்றார் நிமிராமல். "சொன்ன சொல்ல மாத்த முடியாது. வயரத்தான் மாத்த முடியும்." அவராகவே சொன்னார்: "தம்பி வீட்ல ஒரு குறையும் இல்ல. மருமக தங்கம். ஆனா காலைல எட்டு மணிக்குக் கதவ சாத்திட்டுப் போனா, ஏழு மணிக்குத்தான் தொறக்குறாங்க. எல்லாம் புதுசு. அந்த வீட்ல ஒரு பொருளும் ரிப்பேர் ஆக மாட்டேங்குது மாப்ள. நான் என்ன செய்யறது?"

உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்களும் வேலைக்குப் போகத்தானே வேண்டும்? ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது, எங்கள் வீட்டில் எத்தனை பொருள் ரிப்பேர் என்று மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஆபீஸ் பையை இறக்கி வைத்துவிட்டு நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "மூணும் நாலும் வேணாம் மாமா. காது முதல்ல அங்கதான் பாப்பாரு. ஒண்ணும் ரெண்டும் மாத்துங்க." லேபிளை நானே ஒட்டினேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், எனக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் நிற்க வேண்டாம், நீங்கள் எல்லோரும் இங்கேயே வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள். ரயிலில் வந்தால் நல்லது. காரில்தான் வருவதாக இருந்தால் எதிர்வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களை இங்கே வரச் சொல்லி எழுதப்போகிறேன் என்றதும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "தம்பி வண்டியில பானட்டு எப்படி மாப்ள தொறக்குறது?"