பச்சை இரத்தம்

அந்த வாரம் அக்கராயன் கிராமத்தில் வயல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. சனம் முழுவதும் ஆவியானந்தரின் பின்னால் அலைந்தது. பளையிலிருந்து ஓட்டோவில் வந்திறங்கிய அவரிடம் வேப்பிலை இல்லை, உடுக்கு இல்லை. நிலம் கழுவும் நீராவி இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. அதற்குக் குங்குமம் வைத்ததும் அது தெய்வமாகிவிட்டது. ஆவியை ஆவியால்தான் விரட்டலாம் என்றார் சாமி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதைத் தவிர வேறு ஆதாரம் எவரும் கேட்கவில்லை.

யன்னல்களைச் சாத்தச் சொல்வார். சிவப்புப் பெயின்ற் அடித்த சீமெந்து நிலத்தில் கொதிக்கும் நீராவியைப் பாய்ச்சுவார். நிலம் கொப்புளிக்கும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பிழிந்தால் சிவப்பாக ஒழுகும். "ஆவியின்ர இரத்தம்" என்பார். போன வீடெல்லாம் சிவப்பு நிலம், போன வீடெல்லாம் இரத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. கும்பிடுவதில் அவ்வளவு மும்முரம்.

கணபதிக்குச் சிறுநீரக நோய். கால்கள் வீங்கியிருந்தன. அவர் மனைவி கமலாட்சி காதுத் தோட்டைக் கழற்றித் தட்டில் வைத்து, சாமியை அழைத்தாள்.

"வீக்கம் நிலத்திலயிருந்து ஏறினது. நான் கழுவி முடிக்குமட்டும் குளிசை குடுக்காதேங்கோ. ஆவி உள்ளுக்க தங்கியிடும்" என்றார் சாமி.

டொக்டர் தந்த மருந்துக் குளிசை அலுமாரிக்குள் போனது. கிளினிக்குக்குப் போகவேண்டிய நாளும் தவறியது.

தாய்வீட்டுக்குப் போயிருந்த மருமகள் சுரேகா திரும்பி வந்தபோது, முன்னறையில் சாமி சிவப்பு நீரைப் பிழிந்துகொண்டிருந்தார். மூலையில் கணபதி முகமும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, குளிசை போட்டனீங்களே?"

"இல்லைப் பிள்ளை. சாமி வேண்டாமெண்டவர்."

சுரேகாவுக்கு நடந்தது விளங்கிவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சாமி, குசினியிலயும் ஒருக்கால் அடியுங்கோ."

சாமி எட்டிப் பார்த்தார். சமையல் நடக்கும் அந்தக் குசினி நிலத்துக்குப் பச்சைப் பெயின்ற்.

"அங்க ஒண்டுமில்லை."

"இருக்கோ இல்லையோ, நாங்களும் பாக்கவேணும்."

"அடியுங்கோ சாமி" என்றது சனம். பக்தர்களே அவரைக் குசினிக்குள் தள்ளினார்கள். நீராவி சீறியது. துணியைச் சுரேகாவே வாங்கிப் பிழிந்தாள். பச்சையாக ஒழுகியது.

"இது காட்டு முனி. அதுக்கு இரத்தம் பச்சை" என்றார் சாமி. அதற்கும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

சுரேகா குழாயைப் பிடுங்கி, பெயின்ற் அடிக்காத விறாந்தையில் பாய்ச்சினாள். துடைத்த துணியில் வெறும் ஊத்தைதான் இருந்தது.

"பெயின்ற் இல்லாத இடத்தில பேயுமில்லை, பாத்தியளே மாமி? மாமாவின்ர வருத்தம் என்னெண்டு டொக்டர் சொன்னவர். நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள்."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கமலாட்சி மட்டும் சிரிக்கவில்லை. தோட்டை எடுத்துக்கொண்டு கணவரைத் தாங்கிப் பிடித்தாள். சாமி வந்த ஓட்டோவிலேயே கணபதியைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாமி இயந்திரத்தை இழுத்துக்கொண்டு நடந்து போனார்.

கணபதி சில நாள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்து, வீக்கம் வற்றி வீடு வந்தார். நலம் விசாரிக்க வந்த, சாமியைக் கொண்டு தன் வீட்டையும் கழுவுவித்திருந்த பக்கத்து வீட்டு விமலேஸ்வரி, சுரேகாவைத் தனியே அழைத்துக் கேட்டாள்: "அப்ப எங்கட வீட்டுப் பேய் இன்னும் போகேல்லையோ?"

பரவாயில்லை, கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். அடுத்த சாமி வருவதற்குள் சரியான கேள்வியைக் கண்டுபிடித்தால் சரி.