சோறு தின்னாத ஒபிசர்

வாசலில் வந்து நின்றவர் பாஸ்போட்டைக் கேட்டதும் மீராமுகைதீன் வாசலை மறித்து நின்றான்.

"நான் கனகரெத்தினம். கொழும்பு குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். உங்கட பாஸ்போட்டைக் கொஞ்சம் பார்க்க வேணும்."

வியாழக்கிழமை குவைத்துக்கு விமானம். அதற்காக நாவிதன்வெளி வயலில் உழுத எருமைச் சோடியையும் விற்றாயிற்று. பாஸ்போட் உள்ளறையில், நெல் மூட்டைக்குள், பட்டுத்துணி சுற்றிக் கிடந்தது. அதன் பொன்னெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் புல்லரிக்கும். கை கழுவாமல் அதைத் தொட்டதே இல்லை.

அதைச் செய்து கொடுத்த, இளசுகளையெல்லாம் 'மருமகன்' என்றே அழைக்கும் ஏஜென்ட் ஹமீட் ஹாஜியார் அன்றே எச்சரித்திருந்தார்.

"கல்முனையெல்லாம் கள்ள ஒபிசர்மார் திரியிறானுகள் மருமகன். பாஸ்போட்டப் பறிச்சு வித்துப்போடுவானுகள். ஆருக்கும் காட்டிப்போடாதீங்க."

"அசல் ஒபிசர் வந்தா?"

ஹாஜியார் சிரித்தார். "அசலெண்டா கேட்ட உடன கார்ட்டக் காட்டுவான். ஊட்டில ஒரு வாய் தின்னமாட்டான். காசு தொடமாட்டான். வாங்கினதுக்கு ரசீதுத் துண்டு எழுதித் தருவான். நாலும் சரியெண்டாக் குடுங்க."

மீராமுகைதீன் முதலில் அக்கா வீட்டைச் சாட்டி ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தான்.

"பாஸ்போட் ஒலுவில் ஊரில, ராத்தாட ஊட்டில இரிக்கி சேர்."

"வாங்க, போவம். சந்தியில ஜீப் நிக்குது."

"இல்ல சேர்... இஞ்சதான். தேடவேணும்."

"தேடுங்க. நான் இருக்கிறன்."

இருந்தே விட்டார். இனி எழுப்ப முடியாது. மீராமுகைதீன் தயங்கித் தயங்கிக் கார்ட்டைக் கேட்டான். கேட்டு முடிக்குமுன் அது அவன் கையில் இருந்தது. திருப்பிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். படமும் முகமும் ஒன்றுதான்.

உள்ளே ஓடி மனைவியிடம் கிசுகிசுத்தான். "கைருன்னிஸா, இரிக்கிற எல்லாத்தையும் கொண்டா. திண்டா கள்ளன்!"

கோழிக்கறியும் சோறும் வந்தன. இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. எருமைத் தயிர் பானையோடு வந்தது.

"மன்னிக்க வேணும். கடமையில இருக்கேக்க நான் சாப்பிடமாட்டன்."

திரைக்குப் பின்னால் கைருன்னிஸா கொதித்துப் போனாள்.

"என்ட வட்டிலப்பத்த வேணாமெண்டவன் இந்த ஊரில இன்னும் பொறக்கல்ல! இவன் ஒபிசருமில்ல, மனிசனுமில்ல. குடுக்காதீங்க!"

"அடியே, தின்னாட்டித்தான் அசல்!"

"அப்ப ஏன் என்ன ஆக்க வெச்சீங்க?"

அவன் வெற்றிலைத் தட்டத்தை எடுத்தான். கொழுந்து வெற்றிலைக்கு அடியில் நூறு ரூபாத் தாள் ஒன்றை நுனி தெரியச் செருகிக் கொண்டுபோய் வைத்தான். அரசாங்கக் கந்தோர் வாசல் மிதித்த காலம் தொட்டு, வெற்றிலைக்கு அடியில் கிடந்ததை எடுக்காத கையை அவன் கண்டதில்லை.

கனகரெத்தினம் வெற்றிலையைத் தூக்கினார். தாளை எடுத்து நீட்டினார்.

"தம்பி, உங்கட காசு இதுக்குள்ள விழுந்து கிடக்கு."

மீராமுகைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லாஹ்வே! இப்பிடியும் ஒரு மனிசனப் படைச்சிரிக்கியா!" என்று வாய்விட்டே சொன்னான். சேர்ட்டு கசங்கிய, முன்தலை வழுக்கையான அந்த ஆள் பள்ளிவாசல் மினாராவைப்போல் உயர்ந்து தெரிந்தார். கைருன்னிஸாவின் கோபம்கூட அடங்கிப்போய், திரை விலகி ஒரு கண் எட்டிப் பார்த்தது.

அவன் கை கழுவிவிட்டு வந்து பாஸ்போட்டை நீட்டினான். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைச் சேர்ட்டுப் பையில் வைத்துக்கொண்டு துண்டு எழுதிக் கொடுத்தார்.

நாலாவதும் சரி!

"கொஞ்சம் ஜீப்படிக்கு வாங்க" என்றார்.

சந்தியில் பொலிஸ் ஜீப் நின்றது. பின் இருக்கையில், இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் ஹமீட் ஹாஜியார்! மீராமுகைதீன் துண்டை ஆட்டிக்கொண்டே ஓடினான்.

"ஹாஜியார், நீங்க சொன்ன நாலும் சரி! தின்னல்ல, காசு தொடல்ல! அசல் ஒபிசர்!"

ஹாஜியார் ஸலாம் சொல்ல வலக்கையைத் தூக்கினார். விலங்கு கிணுங்க இடக்கையும் கூடவே வந்தது.

"இப்பிடி ஒரு ஒபிசர் உலகத்தில இரிப்பானெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே மருமகன்! தெரிஞ்சிருந்தா உங்கட பாஸ்போட்ட அசலாவே எடுத்துத் தந்திருப்பனே!"