கோசிகாவின் நேர்த்தியை விடுவிக்கக் கோரி

செவன் கிங்ஸ், லண்டன்
கார்த்திகை 2006

பேரன்புள்ள கனகாம்பிகை அக்காவுக்கு,

தம்பி யோகராஜா எழுதிக்கொள்வது. நல்லூரான் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் கதைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிடிக்காத விஷயத்தைத் தொடங்கினாலே லைன் கிளியர் இல்லை என்று வைத்துவிடுவீர்கள்.

சமாதான காலத்தில் நாங்கள் ஊருக்கு வந்தபோது, மகள் கோசிகாவின் டாக்டர் படிப்புக் கடைசிச் சோதனைக்காக நீங்கள் அவளை நல்லூருக்குக் கூட்டிப்போய் முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்தீர்கள். டாக்டராகிவிட்டால் ஆயுள் முழுக்க மாமிசத்தில் கைவைக்கமாட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்லவைத்தீர்கள். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார். பிள்ளை இப்போது இதய அறுவைப் பிரிவில் வேலை பழகுகிறாள். அங்கேதான் வந்தது வினை. பழுதான இதயத்துக்குள் இவர்கள் வைத்துத் தைப்பது பன்றியின் வால்வு, இல்லையென்றால் மாட்டிலிருந்து எடுத்தது. பெரிய டாக்டர் அதை எடுத்துத் தரச் சொல்ல, எங்கள் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, சமயக் காரணத்தால் தொடமாட்டேன் என்றாளாம். அந்த மனுசன் கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உங்கள் நம்பிக்கையை மதிக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லி, அவளை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அனுப்பி, வார்டில் நோயாளரோடு கதைக்கிற வேலையைக் கொடுத்துவிட்டார். மாதக்கணக்காகக் கதைத்துக்கொண்டே இருக்கிறாள். கத்தி பிடிக்காத பிள்ளையை சர்ஜன் ஆக்குவது யார்?

நான் சும்மா இருப்பேனா? காலில் போட்டிருப்பது மாட்டுத்தோல் இல்லையா என்று மடக்கினேன். அடுத்த நாளே துணிச் சப்பாத்து வாங்கிவிட்டாள். வால்வை மஞ்சள் தண்ணீரில் கழுவிவிட்டுத் தொட்டால் என்ன என்று சிவகௌரி கேட்டாள். டாக்டர் மகள் தாயை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு சிவகௌரி அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசியில் கோயில் ஐயரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சால்வையை விலக்கி நெஞ்சில் இருந்த தழும்பைக் காட்டினார்.

"பிள்ளை, எனக்குள்ளயும் பன்றி வால்வுதான் கிடக்கு. என்னோட சேர்ந்து அதுவும் தினம் தேவாரம் கேக்குது. முருகன் ஒண்டும் சொல்லேல்லை."

ஆனாலும் வைத்தவர்தான் நேர்த்தியை விடுவிக்கவேண்டுமாம். ஆகவே அக்கா, இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை தலை தோய்ந்து, வெள்ளித் தகட்டில் ஒரு இதயம் செய்வித்து, நல்லூர் உண்டியலில் போட்டு, பிள்ளையை விட்டுவிடும்படி முருகனிடம் கேளுங்கள். முழங்கால் நோவு என்று சாட்டுச் சொல்லவேண்டாம், ஓட்டோவில் போங்கள். நான் இதில் ஒரு அடி பின்வாங்கமாட்டேன். அவள் ஹார்ட் சர்ஜனாக வந்தே தீருவாள். கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. எங்கள் இல்ஃபோர்ட் கடைக்குச் சாமான் வாங்க வருகிற சனம் இப்போதே நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் மகள் பாமாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வெள்ளிக்கிழமை நல்ல வெயிலையும் தரட்டும்.

உங்கள் சொல் தட்டாத தம்பி,
யோகராஜா

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் கோசிகா இதை வாசித்துவிட்டாள். பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, ஐயரின்ட நெஞ்சைப் பாத்த அண்டைக்கே எனக்கு மனம் தெளிஞ்சிட்டுது. இப்ப அந்த வால்வைத் தொட ஏலும். ஆனா திரும்பித் தியேட்டருக்குப் போக எனக்கு விருப்பமில்லை. வார்டில ஆக்களோட கதைக்கேக்கைதான் நான் டாக்டர் எண்டு எனக்கே தெரியுது. குடும்ப டாக்டருக்குப் படிக்க எழுதிப்போட்டிட்டன். மாமி வைச்ச நேர்த்தி எனக்குப் பாரமில்லை. ஹார்ட் சர்ஜன் எண்டது நீங்கள் வைச்ச நேர்த்தி."

 தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போகவேண்டாம். நேர்த்தி அப்படியே கிடக்கட்டும். யார் கேட்டாலும், அதனால்தான் பிள்ளை சர்ஜன் ஆகவில்லை என்று சொல்லுங்கள். தகப்பன் வைத்த நேர்த்தியை விடுவிக்க என்ன செய்யவேண்டும் என்று மட்டும், அத்தானுக்குத் தெரியாமல், யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.