தட்டு ஏந்திய தலை

எங்கள் வீட்டில் யார் தலைவர் என்பதை மாமனார் வீட்டாருக்கு ஒரேயடியாக நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாயால் சொன்னால் சிரிப்பார்கள். நான் அனிமேஷன்காரன். படமாகவே காட்டிவிட வேண்டியதுதான்.

படத்தின் பெயர் ‘குடும்பத் தலைவன்’. காட்சிக்குக் காட்சி நான் சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருப்பேன். மனைவி தேநீர்த் தட்டோடு குனிந்து நிற்பாள். தலை ஒரு லேயர், உடம்பு ஒரு லேயர், கண்ணாடித் தாள்கள் போல ஒன்றன்மேல் ஒன்று. வரைந்தது ஒரே முறை. மற்ற காட்சிகளிலும் அவையேதான், சங்கிலிக் குறி போட்டு இணைத்தவை. அவ்வளவு கம்பீரத்தை எந்தக் கண்ணாடியும் எனக்குக் காட்டியதில்லை.

“ஏங்க, இந்தக் குட்டிச் சங்கிலி எதுக்கு?” என்றாள், ஈரக் கையோடு வந்து நின்று.

“லிங்க் பண்ணின லேயர். ஒரு இடத்துல மூக்கைத் தொட்டா, எல்லாக் காட்சியிலயும் மூக்கு மாறும்.”

“வீட்ல ஒருத்தர் தும்மினா எல்லாருக்கும் சளி பிடிக்கிற மாதிரி?”

“அதேதான். சங்கிலி இல்லாதது வெறும் நகல். அதை என்ன பண்ணினாலும் படத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்பாடி, எவ்வளவு மூளை உங்களுக்கு! என் காதுல ஒரு தோடு மட்டும் வரைஞ்சுக்கட்டுமா?”

நான் ஏமாறுகிற ஆளா? ஒரு காட்சியைச் சங்கிலியில்லாமல் நகலெடுத்து, “இதுல ஆசை தீர வரை” என்று கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு குளிக்கப் போனேன். பாடக்கூடச் செய்தேன்.

மாலையில் கூடத்தில் மாமனார், மாமியார், மைத்துனன், தேநீர்க் கோப்பைகளோடு. விளக்கை அணைத்தேன். சுவரில் படம் விரிந்தது.

சாய்வு நாற்காலியில் கால்மேல் கால். மேலே அவள் முகம். தட்டோடு குனிந்த உடம்பில் என் மீசை. அடுத்த காட்சியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

“என்ன பண்ணினே?” என்றேன் அவள் காதோடு.

“நகல்ல தோடு போட்டேங்க. சங்கிலி இருந்ததுல ரெண்டு தலையையும் இடம் மாத்தினேன். ஒரே இடத்துலதான். மத்ததெல்லாம் தானா மாறிடுச்சு. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்!”

நிறுத்தப் பாய்ந்தேன். அதற்குள் கைதட்டல். மாமனார் எழுந்தே நின்றுவிட்டார்.

“உள்ளதை உள்ளபடி ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும், மாப்பிள்ளை!” என்று என் தோளைத் தட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை. என் மார்பு விரிந்தது.

“யோசனை முழுக்க என்னோடதுதான், மாமா” என்றேன்.

தலைநிமிர்ந்து போய் விளக்கைப் போட்டேன். கூடத்துச் சாய்வு நாற்காலியில் அவள். மாமியார் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, வெகு மரியாதையாக, என் கையில் கொடுத்தார்.