பல கம்பெனி கண்ட பேக்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஒரு மனித இனம் வாழ்கிறது. அதற்குக் கம்பெனி பேக் என்று பெயர். கால்பந்தில் தன் கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற பந்தையும் பந்தோடு வருகிற ஆளையும் திருப்பி அனுப்புவது அதன் தொழில். கம்பெனிகளுக்குள் நடக்கும் கோப்பைப் பந்தயம் நெருங்கும்போது இதைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைப்பார்கள். பந்தயம் முடிந்ததும் 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். அது வீட்டுக்குப் போகாது. அடுத்த கம்பெனிக்குப் போகும்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கம்பெனியின் பனியன், இன்னொரு கம்பெனியின் டிராக் பேன்ட், மூன்றாவது கம்பெனியின் தோள்பை சகிதம், மடங்காத முழங்காலை ஊராருக்கெல்லாம் குறுக்கே நீட்டிக்கொண்டு படப்பை ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும். பேச்சுக் கொடுத்தால் போச்சு. "நம்ம டீமு" என்று ஆரம்பிக்கும். எந்த டீம்? போன வாரம் சேர்ந்த டீம். கோல் விழுந்தால் பேக் தூங்கிவிட்டான் என்பார்கள். விழாவிட்டால் கோல்கீப்பர் பறந்து பிடித்தான் என்பார்கள். குரூப் போட்டோவில் கோப்பை பார்வர்டு கையில் இருக்கும். ஓரத்தில் பாதித் தோள் தெரிந்தால் அது நம்ம ஆள். அதிலெல்லாம் தனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லும். சொல்லும்போது வெளியே பார்க்கும்.

அம்பாசமுத்திரத்து இசக்கியப்பன் இந்த இனத்தில் அசல். ரப்பர் கம்பெனி, சீட் கம்பெனி, ஒயர் கம்பெனி எல்லாவற்றுக்கும் ஆடி முடித்து, இரண்டாயிரத்து மூன்றில் பம்பு கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். "கப்பை மட்டும் தூக்கிடு இசக்கி, மறுநாளே பெர்மனென்ட்" என்றார் அங்கே பர்சனல் ஆபீசராக இருந்த சுப்பராயன். பெர்மனென்ட் என்றால் இசக்கியப்பனுக்கு இசக்கிசெல்வி. அவளுடைய அப்பா தளவாய் போனில் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஆர்டர் வந்துட்டா மாப்ள?" இல்லை என்றால், பேச்சு முடிவதற்குள் மாப்பிள்ளை 'தம்பி' ஆகிவிடுவார். இந்தப் பங்குனிக்கு மேல் காத்திருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

இறுதிப் போட்டி சேரப்பணஞ்சேரியில். எதிரணி ஒயர் கம்பெனி. அதன் கோலில் நின்ற படப்பை ஜெபர்சனுக்கு முன்னால்தான் நம்மவர் அங்கே வேலையில் இருந்தபோது இரண்டு சீசன் ஆடியிருக்கிறார். உயரப் பந்து வரும்போது பின்னாலிருந்து கீப்பர் "வுடு" என்று கத்தினால் பேக் குனிந்துவிட வேண்டும். யோசிக்கக் கூடாது, யோசித்தால் மண்டை உடையும். இசக்கியப்பன் யோசித்ததே கிடையாது.

கடைசி நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. பம்பு கம்பெனிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. "ஏறிப் போ இசக்கி, நீதான் ஒசரம்!" என்று சுப்பராயன் கோட்டுக்கு வெளியே குதித்தார். இசக்கியப்பன் காவலை விட்டுவிட்டு எதிர்க் கோல் வரைக்கும் போனார். பந்து வளைந்து வந்து, அளவெடுத்ததுபோல் அவர் நெற்றிக்கு நேரே இறங்கியது. முட்டினால் கோல். கோல் என்றால் கல்யாணம். பின்னாலிருந்து ஜெபர்சன் கத்தினார்: "இசக்கி, வுடு!"

விட்டார்.

அவ்வளவு ஒழுங்கான குனிதலை அந்த மைதானம் பார்த்திராது. ஜெபர்சன் பந்தைப் பிடித்து நீளமாக உதைத்தார். இசக்கியப்பன் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அந்த வழியே ஒயர் கம்பெனி பார்வர்டு தனியாக ஓடிப்போய் கோல் போட்டான்.

"ஏன்யா குனிஞ்ச?" என்றார் சுப்பராயன்.

"கீப்பர் விடச் சொன்னாரு சார்."

"எந்த கீப்பர்?"

ஜெபர்சன் வந்து இசக்கியப்பன் தோளில் கை போட்டார். "பழக்கதோஷத்துல கத்திட்டேன் மச்சான். நீ இன்னாத்துக்குக் குனிஞ்சே?"

வைகாசியில் இசக்கிசெல்விக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம், பெர்மனென்ட். எனக்கு இன்றைக்கும் இது ஆறவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. கம்பெனி மாறி, பதவி உயர்ந்து, சொந்தமாக மனையும் வாங்கிவிட்டீர்கள். எல்லாம் சரி. நேற்று தண்டலம் டீக்கடையில், என்றைக்கோ ரிட்டயர் ஆன உங்கள் பழைய மெஷின் லைன் சூப்பர்வைசரைக் கண்டதும், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, "இதோ லைனுக்குப் போய்ட்டேன் சார்" என்றது யார்?