நாற்பது வரியும் ஏழு வரியும்

கல்முனைக் கரையில் கடலுக்கு அடுத்தபடியாக அதிக இடம் கேட்டவர் மில்லிமீட்டர் காக்காதான். கடல் ஒரு தடவை கேட்டது, எடுத்துக்கொண்டு போய்விட்டது. இவர் தினமும் கேட்டார். அதுவும் பதினைந்து அங்குலக் கணினித் திரைக்குள்.

சுனாமிக்குப் பிறகு ஒரு வீட்டுத் திட்ட நிவாரண அலுவலகத்தில் அவரும் நானும் வேலை பார்த்தோம். கட்டாரில் மென்பொருள் எழுதிவிட்டு ஊர் திரும்பியிருந்த அவர், அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சல்களைப் பார்க்கத் தானே ஒரு மென்பொருள் செய்து தந்தார். நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றில் பக்கம் கட்டிப் பழகியவன். அரை அங்குலம் வெறுமையாகக் கிடந்தால் அதில் ஒரு மரண அறிவித்தலைச் செருகாமல் எனக்குத் தூக்கம் வராது. அவரோ திரையில் வரிக்கும் வரிக்கும் நடுவே அடிமட்டம் வைத்து அளந்த பிறகுதான் காலைத் தேநீரைத் தொடுவார். பட்டப் பெயர் அப்படி வந்தது; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவருடைய முதல் ஏற்பாட்டில் திரைக்கு ஏழு மடல்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மாட்டு வண்டி போகலாம். கூடாரத் துணி பற்றிக் கொழும்பிலிருந்து வந்த மடல் எட்டாவது இடத்துக்கு இறங்கி, திரைக்குக் கீழே நான்கு நாள் கிடந்தது. அந்த நான்கு நாளும் மழை. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அதிபர் என்றே கூப்பிடுவோம். இது மின்னஞ்சலா மைதானமா என்று அவர் விசாரித்தார். கண்ணுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும் என்றார் காக்கா. மூச்சு விடுவது மூக்கு என்று நான் குறுக்கிட்டேன். காக்கா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அதிபர் என் பக்கம் சாய்ந்தார். திரைக்கு நாற்பது வரி என்று உத்தரவாயிற்று. திகதி, செக்கனோடு நேரம், மடலின் அளவு, அவசரக் குறி என்று நான் கேட்ட பத்திகள் அனைத்தும் உள்ளே வந்தன. காக்கா அழாத குறையாகச் செய்து கொடுத்தார். முதல் வாரமே மவுஸ் ஒரு வரி பிசகி, தோணி கேட்ட மீனவருக்குத் தையல் மெஷினும், மெஷின் கேட்ட தையல்காரருக்குத் தோணியும் அனுமதியாகின. மீனவர் மெஷினைத் தோளில் சுமந்து வந்து என் மேசையில் வைத்தார்.

"இதால வலை பொத்தலாமெண்டு பாத்தன் சேர். ஊசி முறிஞ்சி போச்சி."

காக்கா அடிமட்டத்தைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த நிலையில்தான் எங்கள் எல்லோருக்கும் அக்காவான ஹாஜரா ராத்தாவின் விசயம் வந்தது. அவருடைய கணவர் ஜவ்பரைக் கடல் கொண்டுபோனது. இரண்டு பெண் பிள்ளைகளோடு ராத்தா தகரக் கொட்டிலில் இருந்தார். அதே முதலெழுத்துகள் கொண்ட வேறொருவரோடு கணவரின் பெயர் குழம்பியதால் வீட்டுப் பட்டியலிலிருந்து விடுபட்டிருந்தார். ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. இது பற்றி முன்பே மடல் அனுப்பியும் பதில் இல்லை, அந்த மடலுக்கே மூன்று மணிக்குள் உறுதிப்படுத்திப் பதில் போட வேண்டும், வாய்ச்சொல் செல்லாது, தவறினால் வீடு அடுத்த பெயருக்கு. முந்தின நாள் குண்டு வெடித்ததில் பாதை மூடியிருந்தது. பக்கத்து ஊர்க் கணினி நிலையத்துக்கு ஆளை அனுப்பவும் வழியில்லை. சொல்லியனுப்பியதும் ராத்தா நடந்தே வந்து மர வாங்கில் உட்கார்ந்தார்.

விவரம் சரிபார்த்துத் தேட உட்கார்ந்தபோது, இரண்டு இருபதுக்கு மின்சாரம் போனது. யூ.பி.எஸ். பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாங்கும். அது கீச்சிடத் தொடங்கியது.

மடலின் தலைப்பில் வீட்டுக்காரரின் முழுப் பெயர் இருக்கும். எங்கள் பக்கத்துப் பெயர்களில் முதலில் முகம்மது, பிறகு வாப்பாவின் பெயர், மறுபடியும் முகம்மது, கடைசியில்தான் ஆள். என்னுடைய பத்திகள் இடத்தை அடைத்துக்கொண்டதில், ஆள் வந்து சேருமுன் வரி முடிந்துவிட்டது. பாதித் திரைக்கு "முகம்மது இஸ்..." என்றே நின்றது. அந்தப் பழைய கணினியில் ஒரு மடலைத் திறக்க அரை நிமிடம் பிடிக்கும். நான்கைத் திறந்தேன். நான்கும் வேறு ஆட்கள்.

காக்கா என் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, மென்பொருளின் நிரலைத் திறந்தார்.

"தேடுங்க காக்கா. எழுதுறத்துக்கு இதா நேரம்?"

"ஆளு வாலுல இரிக்காரு தம்பி. தலைய வெட்டினாத்தான் வருவாரு."

செக்கனை அழித்தார். அளவை அழித்தார். அவசரக் குறியை அழித்தார். ஒவ்வொன்றையும் அழிக்குமுன் என் முகத்தைப் பார்த்தார். கிடைத்த இடம் முழுவதையும் பெயருக்குக் கொடுத்து, கடைசிப் பெயர் முன்னால் வரும்படி செய்தார். பிறகு கை நின்றது.

"எத்தின வரி வேணும்?"

"நாப்பது." வாய்ப் பழக்கம்.

"பதினாலு."

"முப்பது."

யூ.பி.எஸ். இடைவெளி விடாமல் கத்தத் தொடங்கியது. அதிபர் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். ராத்தா எங்கள் இருவரின் வாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இருவது," என்றார் காக்கா. "அதுக்கு மேல ஒரு வரியும் தரமாட்டன்."

சம்மதித்தேன். திரை மாறியது. மேலிருந்து ஏழாவது வரியில் ஜவ்பர் தனியாக நின்றார். திறந்தோம், நான் பதிலை அடித்தேன், அவர் அனுப்பினார். திரை கறுத்தது.

போனதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. தொலைபேசியில் கேட்கலாம் என்றால், கொழும்பில் எவரும் எடுக்கவில்லை. மூன்று மணி கடந்தது. அஸர் தொழுகை முடிந்தது. ராத்தா எழும்பிப் போகவில்லை. நாங்கள் அவர் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

நாலரைக்கு மின்சாரம் வந்தது. புதிதாக ஒரே ஒரு மடல்: பதில் கிடைத்தது, பெயர் சேர்க்கப்பட்டது.

"காக்கா, நம்மட பேரு எவடத்த இரிக்கி?" ராத்தா திரைக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்.

அவர் வரியைக் காட்டினார். ராத்தாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. விரலைக் கொண்டுபோய்த் திரையில் வைத்தார். அந்த ஒரு வரி மறைந்தது. மேலே இருந்தவர் மேலேயும் கீழே இருந்தவர் கீழேயும் அப்படியே தெரிந்தார்கள். காக்கா கண்ணாலேயே அந்த விரலின் அகலத்தை அளந்தார். அதிபர் பிறகு நாற்பது வரியை மறுபடியும் கேட்டபோது, இருபதே இருக்கட்டும் என்று சொன்னது நான்தான்.

போர் முடிந்த ஆண்டு காக்கா மீண்டும் கட்டாருக்குப் புறப்பட்டார். ராத்தா தன் வீட்டு அடுப்பில் கிண்டிய தொதல் இனிப்பைப் பொதி கட்டிக் கொடுத்தார். விமான நிலையம் போகும் வான் வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். எங்கே என்று கேட்டார். கொழும்பில் வேலை இருக்கிறது என்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.