சிவப்புப் பொட்டு வைத்த லேப்டாப்

பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால்கூட, போர்டை இரண்டு தடவை படித்து, கண்டக்டரிடமும் கேட்டுவிட்டு ஏறுகிற ரகம் நான். இந்தக் குணத்தில் பாதிப் பழியை அப்பா மேல் போடலாம். வீடு போடியில்; மலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். அங்கிருந்து போடிக்கு ஜீப்பில் இறங்கும் மூட்டைகள் வழியில் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டால் பொட்டு வைப்பார். மேலே ஒருமுறை எடை, கீழே ஒருமுறை எடை. நூறு கிராம் குறைந்தாலும் ஜீப் டிரைவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. மீதிப் பாதி என் சொந்த உழைப்பு.

படிப்பு முடிந்து சும்மா இருந்தபோது, சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. கோபமாகப் பேசும் வாடிக்கையாளர்களைப் போனில் பொறுமையாகச் சமாதானப்படுத்த வேண்டும், அதுதான் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் லேப்டாப் நம்முடையதாக இருக்க வேண்டும். காய் எடுக்கும் மாதங்களில் நாங்கள் மலைக்குப் போய்விடுவோம் என்பதால், தோளில் மாட்டி ஜீப்பில் கொண்டுபோகிற மாதிரி லேசாகவும் இருக்க வேண்டும். புதிது வாங்க வழியில்லை.

"வேலை கெடச்சாச் சரி ஆத்தா. இல்லேன்னா பேசாம தோட்டத்துக்கு வந்து காய் எடு" என்றார் அப்பா. தோட்டத்து அட்டைகளை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும். அந்த வேலையை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று இருந்தேன்.

மாமா வீட்டு பீரோவின் மேல் ஒரு பழைய லேப்டாப் எட்டு வருடமாகப் படுத்திருந்தது. ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போகலாம். தலை துவட்டிக்கொண்டு வரும்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அதை பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்த செல்வம் அண்ணனிடம் கொண்டுபோனேன். போகும் முன் இரண்டு காரியம் செய்தேன். ஏலக்காய்த் தராசில் எடை பார்த்தேன்: இரண்டு கிலோ எழுநூறு. பிறகு, நல்ல சாமானை உருவிவிட்டு மட்டமானதை மாட்டிவிட்டால் என்ன செய்வது என்று, அடிமூடியைக் கழற்றி, நெயில் பாலிஷால் (அப்பா தன் பெயிண்ட் டப்பாவைத் தொட விடமாட்டார்) கண்ணில் பட்ட பாகத்துக்கெல்லாம் பொட்டு வைத்தேன். உள்ளே, வெளியே ஒன்றையும் விடவில்லை.

கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"டீ சாப்பிடுறீங்களா தங்கச்சி?"

நான் டீயை ஊதுகிற நேரத்தில் எதையாவது மாற்றிவிட்டால்? வேண்டாம் என்றேன்.

"பழைய டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா வெரசா ஓடும். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஏத்தித் தர்றேன். அது சும்மாவே கெடைக்கும்."

"எதுக்குச் சும்மா குடுக்குறாங்க?"

"நாலு பேரு நல்லாருக்கட்டும்னுதான்."

இதைவிடச் சந்தேகமான பதிலை நான் கேட்டதே இல்லை.

மத்தியானம் வீட்டிலிருந்து போன் வந்து, அரைமணி நேரம் எழுந்துபோக வேண்டியதாயிற்று. சாயங்காலம் லேப்டாப்பை வாங்கி வந்து தராசில் வைத்தேன். இரண்டு கிலோ ஐந்நூறு. இருநூறு கிராமைக் காணோம்! கடைக்கு ஓடினேன்.

"லேசா வேணும்னு நீங்கதான கேட்டீங்க? சிடி போடுற பெட்டியவும் பழைய டிஸ்க்கவும் எடுத்துட்டேன். ஒங்க பைக்குள்ளதான் கவர்ல போட்டு வச்சேன்."

பையில் இருந்தது. இவ்வளவு முன்யோசனையாக வைத்திருக்கிறாரே, ஏன் என்று யோசித்தபடி திரும்பினேன்.

லேப்டாப் நன்றாகவே ஓடியது. கேமரா வழியாக யாரோ நம்மைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அதை மட்டும் இன்டர்வியூ நாள் வரை திறக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. கால்மணி நேரம் முன்னதாகவே இணைப்பில் சேர்ந்தேன். என் முகம் வர வேண்டிய இடத்தில் செக்கச்செவேல் என்று ஒரு புகை. போட்டேன் போன். அண்ணன் பத்து நிமிடத்தில் பைக்கில் வந்துவிட்டார். லேப்டாப் முன்னாலேயே அவரைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல கேமராவ உருவிட்டு எந்தக் குப்பைய மாட்டுனீங்க? அந்த அரைமணி நேரத்துலதான மாத்துனீங்க? எடை கொறஞ்சப்பவே நெனச்சேன்!"

"ஒங்க அவசரம் புரியுது தங்கச்சி. ஒரு நிமிசம் பொறுங்க, என்னன்னு பாத்துருவோம்."

"திருடங்க பேச்சு இப்படித்தான் இனிப்பா இருக்கும்!" (இதை எழுதும்போது இன்றும் உடம்பு கூசுகிறது.)

அவர் முகம் சட்டென்று வாடியது. குரல் மட்டும் மாறவில்லை. "சரி தங்கச்சி, மொதல்ல ஒங்க சோலி முடியட்டும்" என்று குனிந்து, கேமராவை நகத்தால் சுரண்டினார். சிவப்பாக ஒரு துணுக்கு விழுந்தது.

"இந்தப் பொட்டு நீங்க வச்சதா? அன்னைக்கே பாத்தேன். யாரும் பாத்துரக் கூடாதுன்னு நீங்களே அடைச்சிருக்கீங்கன்னு விட்டுட்டேன்."

கடுகு அளவுக் கண்ணாடியைக்கூட விடாமல் பொட்டு வைத்தவள் நான்தான். இப்போது திரையில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. வாய் திறந்திருந்தது, விரல் நீண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு முகங்கள், கம்பெனிக்காரர்கள். எப்போது வந்தார்களோ, வந்து நேரமாகிவிட்டது என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

"கோபமான வாடிக்கையாளரை எப்படிக் கையாளுவீங்க?" என்பது முதல் கேள்வி. "பொறுமையாக" என்றேன். கேட்ட அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரையை விட்டு விலகினார். இரண்டாவது கேள்வியை அவருடன் இருந்தவர் கேட்டார்.

"உங்க பக்கத்துல நின்னாரே, அவர் இருக்காரா? கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய் அவருக்கு டீ போட்டேன். டம்ளரைக் கொடுக்கும்போது, "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன், அழுதும்விட்டேன். "விடுங்க தங்கச்சி, பதட்டத்துல வர்றதுதான்" என்றார். அடுத்த வாரம் வேலை அவருக்குக் கிடைத்தது. பகலில் கடை, சாயங்காலம் அந்த வேலை என்று இன்றுவரை பார்க்கிறார். அந்த வருடம் நான் மலையில் காய் எடுத்தேன்.

எனக்கும் பிறகு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் சொந்தத்தில் யாருக்காவது வேலை அமையவில்லை என்று பேச்சு வந்தால் அப்பா முந்திக்கொள்கிறார்: "எம் மககிட்ட ஒருக்கா திட்டு வாங்கச் சொல்லுப்பா. மறுவாரம் ஆர்டர் வந்துரும்."

போன பொங்கலுக்குச் சித்தப்பா மகள் பி.காம். முடித்த கையோடு வந்தாள். என் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஆரம்பிங்கக்கா" என்றாள்.